வனஜா அம்மையாரும் என் பிரிக்காத பெட்டியும்

செவ்வாய்க்கிழமை காலை வனஜா அம்மையாரின் கணவர் வேலூர் மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். "ஆபரேஷன் முடிஞ்சுது சார். அவ கண்ணே தொறக்கல" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, பயம். அம்மையார் கடைசியாகக் கேட்ட ஒன்றை நான் தட்டிக்கழித்திருந்தேன்.

திருவண்ணாமலையில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். செங்கம் சாலையில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த வெளிநாட்டு முதியவர் ஊர் திரும்பும்போது, தன் பொம்மை ரயில்களில் ஒரே மாதிரியான இரண்டு எஞ்சின்களை எங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். தண்டவாளத்தையும் சரக்குப் பெட்டிகளையும் அம்மையாரிடமே விட்டுச் சென்றார்.

அம்மையார் அன்றைக்கே பிரித்துவிட்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, சரக்குப் பெட்டியில் வேர்க்கடலை ஏற்றி, எதிரில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கு அனுப்புவார். அம்மையாருக்குப் பெட்டி என்றால் ரயில் பெட்டி. எனக்கோ அட்டைப் பெட்டி. சீல் உடையாத எஞ்சினுக்கு விலை ஜாஸ்தி என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து அதை பீரோவில் பூட்டி வைத்தேன். எலிக்குப் பயந்தேன், ஈரத்துக்குப் பயந்தேன், வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கும் பயந்தேன். "சார் எஞ்சினுக்கு வாட்ச்மேனா சேர்ந்துட்டாருங்க" என்று அம்மையார் அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு இதயக் கோளாறு வந்தது. அறுவை சிகிச்சைக்கு நாலு நாள் முன்பு போனில் கூப்பிட்டார்.

"பயமா இருக்குது சார். உங்க எஞ்சினை ஒரு தடவ எடுத்துட்டு வாங்களேன். ரெண்டும் ஒண்ணா ஓடுறத பார்த்துட்டுப் போறேன்."

"பௌர்ணமி மேடம். கிரிவலக் கூட்டத்துல ஆட்டோ வராது. நீங்க நல்லபடியா வந்துடுங்க, பார்க்கலாம்."

"கூட்டம் விடிஞ்சா போயிடும் சார். பயம்தான் போகாது" என்றார். யாருடைய பயத்தைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் பயம்.

காரியம் முடிந்த மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சீலைக் கிழித்தேன். இத்தனை வருடம் ஓடாதது இனி ஓடுமா என்ற திகில். அம்மையாரின் எஞ்சினுக்கு முன்னால் என்னுடையதை வைத்தேன். ரயிலை ஓட்டும் குமிழைத் திருப்பியதும் அவருடையது நகர்ந்து வந்து என்னுடையதை முட்டியது. என்னுடையது முனகியது, அசையவில்லை. கணவர் விரலால் லேசாகத் தட்டினார். பிறகு இரண்டும் சேர்ந்தே கிளம்பின.

பத்துச் சுற்றுக்கு மேல் போயிருக்கும். "மோட்டார் சூடாகுது சார். நிறுத்திடலாமா?" என்று கேட்டார் கணவர். குமிழ் என் கையில் இருந்தது. நிறுத்தினால் அம்மையார் இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மன்னியுங்கள் மேடம். போய் வாருங்கள்.

"இன்னும் ஒரு சுத்து" என்றேன் கணவரிடம்.