ஜசிந்தா எண்ணும் கைகள்

ஆறு, ஏழு, எட்டு. ஜசிந்தா வாய்க்குள் எண்ணுகிறார். விடிந்த கையோடு ஊர்காவற்றுறைக் கரைக்கு வந்து, தகப்பன் பிலிப்புவின் வள்ளத்தைக் கரையேற்ற எத்தனை பேர் கைபோடுகிறார்கள் என்று பார்ப்பது ஐந்து வருட வழக்கம். எட்டுப் பேர் இல்லாமல் அந்த வள்ளம் அசையாது. எட்டாவது ஆள் வந்ததும், தகப்பன் திரும்பிப் பார்க்குமுன் வேலைக்குப் போய்விடுவார்.

வேலை நண்டுக் கொம்பனியில். அவித்த நண்டின் ஓட்டைக் கத்தியால் நெம்பிச் சதையெடுக்க வேண்டும். முப்பத்தொரு வயதுதான், விரல்களைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம். இடைவேளையில் மற்றவர்கள் கதைக்க, இவர் பால் விடாத பிளேன்ரீயில் பணிசைத் தோய்த்துத் தின்பார். பத்திரிகைக்கு எழுத வந்த நான், அவர் முன்பு பாடிய பாட்டைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் விட்டாச்சு அண்ணை. நண்டைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன்." நண்டுக்காகவா நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்?

இந்த மனுஷிதான் ஐந்து வருடத்துக்கு முன் 'முள்ளு' என்ற பங்க் இசைக் குழுவின் பாடகி. எமிலி கிற்றார், மேரிசுகந்தி பிளாஸ்ரிக் பீப்பாவில் மேளம். பத்து மாதம், நாலு மேடை, அவ்வளவுதான் ஆயுள். வள்ளம் இழுக்கும்போது ஆண்கள் பாடுகிற அம்பாப் பாட்டின் தாளத்தை, இரண்டு தட்டு ஒரு இழுவை, அப்படியே தூக்கிவந்து அதன்மேல் ஜசிந்தா கத்தினார். நாலாவது மேடையில், கொம்பனி மேற்பார்வையாளர் பெண்பிள்ளைகளின் இடுப்பில் கைவைப்பதை அவன் பெயர் சொல்லியே கத்தினார். அவன் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரின் மருமகன்.

அடுத்தநாள் பிலிப்புவின் வள்ளத்தில் ஒருவரும் கைபோடவில்லை. அது வாடைக்காற்றுக் காலம். கரையேற்றாமல் தண்ணீரிலேயே கட்டிவிட்டால் வள்ளம் கல்லில் மோதி உடைந்துபோகும். ஒன்பது நாள் அந்தக் கிழவர் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன ஊரப்பா இது! பத்தாம் நாள் ஜசிந்தா சங்கத்துக்குப் போய், இனி வாய் திறக்கமாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அதே கொம்பனியில், அவன் கண்முன்னே தலைகுனிந்து வேலைசெய்ய வேண்டும் என்பதும் அன்று பேசிய பேச்சு. சுகந்தியைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எமிலி வவுனியாவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார்.

தாளம் மட்டும் எங்கேயும் போகவில்லை. மேற்பார்வையாளர் எவளுக்குப் பின்னால் வந்து நின்றாலும், மேசை முழுக்கக் கத்திப்பிடிகள் தட்டத் தொடங்கிவிடும். இரண்டு தட்டு, ஒரு இழுவை, அவன் விலகும்வரை. போன மாதம் புங்குடுதீவிலிருந்து வந்த பிரியவதனி 'முள்ளு'வை ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கும் அது பழகிவிட்டது. ஜசிந்தாவின் கத்தி மட்டும் தட்டாது.

போன வியாழன் அவன் பிரியவதனியின் இடுப்பில் கைவைத்தான். மேசை அதிர்ந்தது. அவன் நேரே ஜசிந்தாவிடம் வந்து சொன்னதைப் பிரியவதனி எனக்கு அப்படியே சொன்னாள். "இவளவையை நிப்பாட்டும். இல்லாட்டி நாளைக்கு உம்மட அப்பரின்ர வள்ளத்தைப் பாரும்." ஜசிந்தா கையிலிருந்த நண்டை வைத்துவிட்டு, கத்தியைத் திருப்பிப் பிடித்துத் தட்டினாராம்.

வெள்ளி காலை நானும் கரையில் நின்றேன். பிலிப்பு முழங்கால் தண்ணீரில் வள்ளத்தோடு நின்றார். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. நானும் வெறுமனே நின்றேன். ஜசிந்தாவுக்கு எண்ண ஒன்றும் இருக்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தைத் தொடுவதில்லை.

"எட்ட நில் பிள்ளை," என்றார் பிலிப்பு.

"நீங்கள் முன்பக்கத்தைப் பிடியுங்கோ அப்பா."

பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து, ஐந்து வருடம் பூட்டிக்கிடந்த குரலில் அம்பாவைத் தொடங்கினார். குரல் பாதியில் உடைந்தது. வள்ளம் அசையவில்லை. வாயில் அடித்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, முதலடியிலிருந்து மறுபடியும் எடுத்தார்.