களத்துமேட்டில் சங்கக் கூட்டம்

எங்கள் நகரில் எதற்கெடுத்தாலும் கூட்டம் போட்டுவிடுவார்கள். நாய் குரைத்தால் கூட்டம், தெருவிளக்கு எரியாவிட்டால் கூட்டம். என் வீட்டுக்காரர்தான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர். வீட்டில் ஒரு பல்பு மாற்ற அவரை நான் நாள் கணக்கில் கெஞ்ச வேண்டும். சங்கம் என்று யாராவது கூப்பிட்டால் மனுஷன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு ஓடுவார்.

நகர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பஸ்ஸில் வந்தால் ஏரிக்கரை முடிகிற இடத்தில் கலர் கலராக வீடுகள் தெரியும், அதுதான். முன்பு அது எங்கள் கழனி. என் வீட்டுக்காரரும் பங்காளிகளும் மனை போட்டு விற்றார்கள். ஆசைக்கு ஒரு மனையை வைத்துக்கொண்டு நாங்களும் மாடி வீடு கட்டினோம். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து, ஓடையில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். அந்த ஓடைதான் இப்போது எங்கள் மெயின் ரோடு. ஓடையைத் தூர்த்துத் தார் போட்டுவிட்டால் தண்ணீர் வழியை மறந்துவிடும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. முதல் பெருமழைக்கே அது எங்கள் ஹாலுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டது.

உடனே கூட்டம். சங்கத் தலைவர் சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, நிம்மதி தேடி இங்கே வந்தவர். நகரைச் சுற்றி மதில் கட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அப்ப அந்தத் தண்ணி எங்க போவும்?" என்று நான் கேட்டேன்.

"வெளிய போவும், நீ சும்மா இரு" என்றார் என் வீட்டுக்காரர். ஏதோ வெளியே என்று ஆளில்லாத ஒரு ஊர் இருப்பதுபோல.

வெளியே இருந்தது இருளர் குடியிருப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், கொஞ்சம் வீடுகள். அங்கிருந்து ஒருத்தி எங்கள் மிச்சக் கழனிக்கு நடவுக்கும் களையெடுப்புக்கும் வருவாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். அவளிடம் வாயைக் கொடுத்து நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அந்தக் கோடையில்தான் குடிசையைப் பிரித்துவிட்டு, மண் சுவர் வைத்து, மேலே சிமென்ட் ஷீட் போட்டு ஒரு வீடு கட்டியிருந்தாள். மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பியது முழுக்க அவள் கை. என்னைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "எப்டி கீது பாத்தியா யம்மா? உன் மாடி வூட்டு செவுருகூட இப்டி நெரவா இல்ல" என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் விடியும்போது கலங்கலில் தண்ணீர் வழிந்தது. மதில் சும்மா சொல்லக்கூடாது, எங்கள் தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. தலைவர் மொட்டைமாடியில் நின்று மதிலைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். மதிலில் முட்டிய தண்ணீர் அப்படியே திரும்பிப் பள்ளத்துக்குப் போனது.

நாங்கள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நகரின் மேட்டுப்பக்க கேட் வழியாக ஓர் ஊர்வலம் உள்ளே வந்தது. முன்னால் அவள், தலையில் அரிசி மூட்டை, இடுப்பில் கோழிக்கூடை. பின்னால் குடியிருப்பு மொத்தமும்: ஆடு, பானை, பிள்ளைகள், பிளாஸ்டிக் பை சுற்றிய ஒரு டிவி. நேராகச் சங்க ஹாலுக்குப் போய், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, டைல்ஸ் தரையில் பாயை விரித்தார்கள்.

அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. தண்ணீர் ஏறினால் களத்துமேட்டுக்குப் போவது அந்தக் குடியிருப்பின் வழக்கம். நாங்கள் நெல் அடித்த களம்தான் சுற்றுவட்டத்தில் உயரமான இடம். என் மாமனார் காலத்திலும் வந்தார்கள், யாரும் யாரையும் கேட்டதில்லை. மனை போட்டபோது அந்த மேட்டைப் பொதுவுக்கு என்று விட்டிருந்தார்கள். பொது இடம்தானே என்று சங்கம் அதன் மேல் ஹாலைக் கட்டிவிட்டது.

என் வீட்டுக்காரர் கை கழுவாமல் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன், இதை விடுவேனா?

"இன்னாம்மா இது, இது சங்கத்து ஹாலு!"

"நாங்க மேட்டுக்கு வந்தோம் நைனா. நீ மேல ஹாலு கட்டிக்கினா அடியில மேடு இல்லாம பூடுமா?"

"ஸ்கூலு கீதே, அங்க போவக் கூடாதா?"

"போற வழியெல்லாம் இடுப்பளவு தண்ணி. எல்லாம் உங்க செவுரு அனுப்பன தண்ணிதான்."

அவசரக் கூட்டம் போட வேண்டும், ஹாலிலோ ஆடு கட்டியிருக்கிறது. எனவே சங்கம் மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றபடி கூடியது. ஒரு ஆடு அவிழ்த்துக்கொண்டு வந்து, தலைவர் ஆசையாக வளர்த்த குரோட்டன்ஸை அவர் கண் முன்னாலேயே மேய்ந்தது.

அவள் வாசலுக்கு வந்தாள். "சார், என்னுது மண்ணு செவுரு. பொழுது சாயற வரைக்கும் தண்ணி நின்னா ஊறி உக்காந்துக்கும். உங்க செவுத்துல ஒரு எடத்துல இடிச்சி வுடுங்க, தண்ணி பழைய வழியிலயே பூடும். நாங்களும் பூடறோம்."

"தீர்மானம் இல்லாம இடிக்க முடியாதும்மா" என்றார் தலைவர். இடித்தால் வாரண்டி போய்விடுமா என்று ஒருவர் கேட்டார். கார்களை எங்கே நிறுத்துவது என்று இன்னொருவர். என் வீட்டுக்காரர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று விழித்துக்கொண்டிருந்தார். மதியமாகியும் பேச்சு முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இடிக்காதீங்க" என்றேன். "இவங்க கார்த்திகை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். ஹாலுல கக்கூஸ் ஒண்ணுதான் கீது, பத்தாது. ஆளுக்கு ஒரு நாளு நம்ம வூட்டு பாத்ரூம தொறந்து வுடலாம். மொதல்ல தலைவர் வூடு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிடித்துக்கொண்டாள். "நல்லதா போச்சி யம்மா. மாகறல்லருந்து எங்க சம்பந்தி வூட்டு ஆளுங்களும் வரேன்னாங்க, இங்கயே வரச் சொல்லிடறேன்."

அவ்வளவுதான், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவள் புருஷனும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து மதிலை இடித்து முடிக்கும்போது இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் மெயின் ரோட்டில் திமுதிமுவென்று வந்தது. என் சோபா மறுபடியும் நனைந்தது, போகட்டும்.

மறுநாள் அவளோடு பள்ளத்துக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. அவள் வீட்டுப் பின்பக்கச் சுவர் மொத்தமாக உட்கார்ந்திருந்தது, ஷீட் ஒருபக்கமாகத் தொங்கியது. அவள் குனிந்து அந்த மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுப் போட்டாள். காலையிலேயே இடித்திருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

அந்த வாரமே, மதில் உடைந்த இடத்தில் கிடந்த கற்களைக் காணவில்லை. சங்கத்து வாட்ஸப் குரூப்பில் தலைவர் கொதித்தார். கல் திருட்டு, செயலாளர் உடனே போலீசில் புகார் கொடுக்க வேண்டும், அடுத்த மழைக்குள் மதிலை மறுபடி கட்டியாக வேண்டும். அந்தக் கற்கள் பள்ளத்தில் ஒரு பின்பக்கச் சுவராக ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார். என் போனிலும் வந்து விழுந்தது: "கல்லை நான்தான் கொடுத்தேன். பத்தாவிட்டால் நிற்கிற மதிலிலிருந்தும் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்."

அவர் யாருக்கும் ஒரு கல்லும் கொடுக்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "கடப்பாரைய எங்கடி வெச்ச?" என்று கேட்டார்.