மந்திரிக்குத் தேத்தண்ணி

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்னில் ஒரு முதியோர் வார்டில் தாதியாக இருந்தேன். அங்கே ஹங்கேரி நாட்டுக் கிழவர் ஒருவர் படுத்திருந்தார். பிரபு குடும்பம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்த நாட்டு அரசாங்கத்தில் மந்திரி. இங்கே வந்தபின் சப்பாத்துத் தொழிற்சாலையில் காலணிப் பெட்டி அடுக்கியிருக்கிறார். பார்க்க ஒருவரும் வருவதில்லை. ஊசி போட்டால்கூடத் தலை குனிந்து நன்றி சொல்வார்.

இரண்டாவது பக்கவாதத்தோடு அவருடைய ஆங்கிலம் முழுதும் போய்விட்டது. தண்ணீர் கேட்கிறாரா, நோகுதென்கிறாரா, எங்களுக்கு விளங்கவில்லை. தேநீர் வண்டி தள்ளும் பெண் ஹங்கேரிக்காரி. அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தன் மொழியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. எந்த ஊர் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் ஓர் ஊரின் பெயரைச் சொன்னாள். அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். அவள் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்து, "என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"மந்திரியா எங்கட ஊருக்கு வந்தவராம். ஸ்டேஷனில பூவால வளைவு கட்டி வரவேற்றவையாம். வடிவான ஸ்டேஷன் எண்டார்."

"நீங்கள்?"

"நாங்கள் யூதர். என்ர அம்மாவையும் தங்கச்சியையும் அந்த ஸ்டேஷனிலதான் கொலை முகாமுக்கு ரயில் ஏத்தினவை. திரும்பி வரேல்லை எண்டு சொன்னன்."

வேறு ஆளை அனுப்பச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நாள்தோறும் வந்தாள். அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டியால் தேநீர் பருக்கினாள். ஆனால் அவருக்கு விளங்காமல் போன ஆங்கிலத்தில்தான், "குடியுங்கோ, குடியுங்கோ" என்பாள். அவர் அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஒரு மழைக்காலக் காலையில் அவர் போய்விட்டார். வண்டியோடு வந்தவளிடம் நான்தான் சொன்னேன். வெறுங்கட்டிலைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்பிடி என்ன கேட்டுக்கொண்டிருந்தவர்?" என்று கேட்டேன்.

"எங்கட மொழியில ஒரு சொல்லு கதைக்கச் சொல்லி. ஒரேயொரு சொல்லு." அவள் வண்டியைத் திருப்பினாள். "எனக்கு ஏலாமப் போச்சு."

அன்று வீட்டில், "ஏனப்பா அழுகிறீர்?" என்று கணவர் கேட்டார். யாருக்காக என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.