முன்வாளிக்கு வைத்த சந்தனம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் வரும், அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் மூத்தவன் பூச்செடித் தோட்டம் வைத்திருக்கிறான். அங்கே ஒரு பழைய டிராக்டர். அதன் முன்னால் மாட்ட, மண் அள்ளும் வாளி ஒன்றை வாங்கி வந்தான். பழைய வண்டியில் பின்பக்கம் தூக்க மட்டும்தான் எண்ணெய் வழி உண்டாம். முன்வாளிக்குத் தனி வால்வு வைத்து, பம்பிலிருந்து எண்ணெய் எடுத்து, ஹோஸ் என்கிற ரப்பர் குழாய்களை மாட்ட வேண்டும். பட்டறையில் கொடுப்போம் என்றான்.

“எதுக்கு மச்சான், நான் பாத்துக்கிறேன்” என்றார் என் கடைசி மகளின் கணவர். கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர். வால்வைப் பொருத்தி, அழுக்குப் போகாமல் ஹோஸ் வாய்க்கெல்லாம் மூடி போட்டு வைத்தார். மாட்டுவதுதான் பாக்கி.

புதிதாக வந்த இரும்பைப் பொட்டு வைக்காமல் ஓட்ட விடமாட்டேன். தேக்கா கடைத்தெருவில் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு போனேன். இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வாளிக்கு வைத்தேன், சக்கரத்துக்கு வைத்தேன். ஹோஸுக்கு வெளியே வைத்தால் மாப்பிள்ளை துடைத்துவிடுவார். மூடியைக் கழற்றி, வாயின் உள்பக்கமாக இரண்டையும் குழைத்துத் தாராளமாக அப்பி, மறுபடி மூடிவிட்டேன்.

மாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வாளி மண்ணோடு மேலே போனது, நிற்கவில்லை. வாளியை இறக்கத் தள்ளிய லீவர் நடுவுக்குத் திரும்பாமல் இறுகிக்கொள்ள, வாளி காகிதப்பூத் தொட்டிகள் மேல் போய் உட்கார்ந்தது. வால்வைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேலென்று சேறு.

“என்ன மாப்ள, செம்மண்ணோடவே மாட்டிட்டீங்களா? கப்பலையும் இப்படித்தான் ரிப்பேர் பண்றதா லா?” என்றான் மகன். வேலையாட்கள் சிரித்தார்கள்.

“துடைச்சுத்தான் மாட்டினேன், மச்சான்.”

“அப்ப மண்ணு பறந்து வந்துச்சா?”

அது மண் இல்லை. எண்ணெய் நாற்றத்துக்குள்ளே சந்தனம் எனக்கு மணத்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆட்கள் முன்னால் பெற்ற மகன், “உனக்கு ஏம்மா இந்த வேலை” என்று கேட்டுவிடுவானே. அதைத் தாங்க மாட்டேன் என்று, “தண்ணி குடிங்க மாப்பிள்ளை” என்றேன்.

“இருக்கட்டும் அத்தை” என்று குடிக்காமலே போனார்.

அன்றிலிருந்து தோட்டத்துக்கும் வருவதில்லை, உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கும் வருவதில்லை. மகள் மட்டும் வருகிறாள். “சோத்துல கைய வச்சுக்கிட்டே, எதத் துடைக்காம விட்டேன்னு யோசிக்கிறாரும்மா” என்கிறாள். கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. துடைப்பதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. உள்ளே வைத்தது நான்.

வாயால் சொன்னால் வீராப்பு குறுக்கே வந்து பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதினேன். இன்று மாப்பிள்ளையைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். மூத்தவனும் ஹாலில் இருக்கிறான். வாய்விட்டுப் படிக்க அவன் மகளைக் கூப்பிடுகிறேன்.

கண்ணு, இங்க வா. இத மொதல்ல எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டு. அப்புறம் அவங்க ரெண்டு பேர் முன்னாலயும் படிக்கணும். உங்க அப்பா நடுவுல பேசினா நிறுத்தாதே.