ஈரல் கழுவிய தண்ணீர்

என் கையெழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இன்னொரு மன்னிப்புக் கடிதமும் கேட்கிறார்கள். அதைத் தர மாட்டேன். ஏன் தர மாட்டேன் என்பதை எழுதி வைக்கத்தான் இந்தக் காகிதம்.

நான் சங்கு குளித்தவன். ஒரு தடவை ஆழத்தில் இறங்கியபோது இடது காதில் பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு அந்தக் காது போயிற்று. காது கேட்காதவன் தன்னை அறியாமல் உரக்கப் பேசிவிடுவான், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குக் கூச்சப்பட்டே நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். கடலுக்குப் போக முடியாமல் சும்மா இருந்தபோது யுத்தம் வந்தது. வெளிநாட்டு மீன் எண்ணெய் வருவது நின்றுபோனதால் இங்கேயே சுறா ஈரலில் எண்ணெய் எடுக்க உப்பளத்துப் பக்கம் சர்க்காரில் ஒரு கொட்டகை போட்டார்கள். அங்கே எனக்கு ஈரல் கழுவுகிற வேலை கிடைத்தது. பெண்கள் ஏழு பேர் ஈரலை அறுத்துப் போடுவார்கள். நான் கழுவிக் கொடுப்பேன்.

கொட்டகையை மேற்பார்க்கிற சூப்பிரண்டு ஆபீஸிலேயே இருப்பார், கொட்டகைச் சுவரில் அவருக்குப் பதிலாக ஒரு போர்டு தொங்கியது. "ஈரலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்" என்று எழுதியிருந்தது. அதற்காகவே தினமும் காலையில் மாட்டு வண்டியில் ஒரு டிரம் ஆற்றுத் தண்ணீர் வரும். ஊருக்குள் குழாய் இருந்தது, எங்கள் பக்கம் கிடையாது. அங்கே இருந்த ஒரே கிணறு உப்பளத்துக் கிணறு. அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் கடலை வாயில் வைத்த மாதிரிதான். அந்த ஏழு பெண்களும் குடிதண்ணீருக்காக விடியுமுன் ஒரு மைல் நடந்து, குடத்தோடு வரிசையில் நின்று, பிறகு வேலைக்கு வருவார்கள்.

முதல் நாளே நான் போர்டைப் படித்தேன். டிரம்மைப் பார்த்தேன். பெண்களையும் பார்த்தேன். ஈரலைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன்.

"அண்ணாச்சி, அப்ப இந்தத் தண்ணி?" என்று கேட்டாள் ஒருத்தி. வாய்த்துடுக்கானவள், கைக்குழந்தைக்காரி.

"குடிங்க. மிச்சத்த வீட்டுக்குக் கொண்டு போங்க."

"சூப்பிரண்டு பாத்தா?"

"அவரு மூக்கப் பொத்திக்கிட்டு இந்தப் பக்கமே வாரதில்ல. பெறகு எங்கன பாக்க?"

இதில் நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. எங்கள் கரையில் யாரும் ஈரலுக்கு நல்ல தண்ணீர் காட்டுவதில்லை. தோணிப் பலகைக்குப் பூசச் சுறா எண்ணெய் காய்ச்சுகிறவர்கள்கூட, கடல் தண்ணீரில் அலசித்தான் அடுப்பில் போடுவார்கள். நல்ல தண்ணீர் பட்ட ஈரல் கொழகொழத்துப் போகும். போர்டு எழுதியவருக்கு அது தெரியாது. நான் போய்ச் சொல்லவும் இல்லை.

யுத்தம் முடிகிற சமயத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா ஆராய்ச்சிக்கு வந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கொட்டகையின் ஓரத்து அறையில் கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு உப்புக் கரைத்து, நான் கழுவிக் கொடுக்கும் ஈரலை மெல்லிசாகச் சீவிப் போடுவார். மற்றவர்களைப் போல அவரும் என்னை அண்ணாச்சி என்றே கூப்பிடப் பழகிக்கொண்டார். ஒரு நாள் பூதக்கண்ணாடிக் கருவியில் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மீன் சினை மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது.

"அந்த உருண்டைக்குள்ளதான் எண்ணெய் இருக்கு, அண்ணாச்சி. ஒவ்வொண்ணைச் சுத்தியும் ஒரு சவ்வு. நம்ம கண்ணுக்குத் தெரியாத சவ்வு. வெளியே உப்பு சரியா இருந்தா அது தாங்கும். உப்பு இல்லாத தண்ணியில ஊதி ஊதி உடைஞ்சிடும். உடையாத ஈரல்ல எடுத்த எண்ணெய் ரொம்ப நாள் கெடாது."

சவ்வு எப்படிக் கிழியும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்தது. இரண்டு பேரும் சிரித்தோம்.

இதையெல்லாம் கட்டுரையாக எழுதி மெட்ராஸில் ஒரு விஞ்ஞான சபைக்கு அனுப்பினார். எண்ணெய், கொழுப்பு, அவற்றை அடக்கி வைக்கிற சவ்வு என்று இந்த விஷயங்களை ஆராய்கிறவர்களில் வருஷத்துக்கு ஒருவருக்கு அந்தச் சபை ஒரு தங்க மெடல் கொடுக்குமாம். அந்த வருஷம் அவருக்கு என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அப்போது ஒரு கடிதம் வந்தது. மெட்ராஸில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்களாம். எந்தக் கிண்ணத்திலும் ஈரல் தாங்கவில்லை, எல்லாமே உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். பொய்க்கணக்கு என்று சொல்லாமல் சொல்லியிருந்தார்கள். நேரில் வந்து பார்க்கப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். இங்கேயும் தோற்றால் மெடல் மட்டும் போகாது, இனி ஒருவரும் தன்னை எந்த ஆராய்ச்சிசாலையிலும் சேர்க்க மாட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

மூன்று வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உப்பை மறுபடி நிறுத்தார், தராசை மாற்றினார். "இங்கே தாங்குது, அங்கே உடையுது. ஏன்னு தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தோன்றியது. மெட்ராஸில் ஈரலை எதில் கழுவியிருப்பார்கள் என்று அப்போதே நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் டிரம் தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வி வரும். அந்த மூன்று வாரத்து மௌனத்துக்கு அந்த அம்மாவிடம் பிற்பாடு மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய மன்னிப்பை அங்கே கேட்டாயிற்று.

மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கோட்டுப் போட்ட பெரியவர். இன்னொருவர் அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறவர். அன்றைக்கு சூப்பிரண்டு மூக்கைப் பொத்தவில்லை. என் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"எல்லாம் போர்டுல இருக்கிற மாதிரி நடக்கணும். வந்தவங்க பாக்கிறாங்க. நீ வாயைத் திறக்கக் கூடாது, தெரியுதா?"

அவர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஈரலை நல்ல தண்ணீரில் கழுவினேன். கையிலேயே தெரிந்தது. துண்டுகள் வழுவழுத்துக் கனத்தன. கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அந்த அம்மா சீவிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் உப்பு இல்லாத கிண்ணம் பால் மாதிரி கலங்கியது. அது கலங்க வேண்டியதுதான். பிறகு மற்றக் கிண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கலங்கின. எல்லாவற்றின் மேலும் எண்ணெய் மிதந்தது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர் பேனாவை மூடினார். அந்த அம்மா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அந்தம்மா மேல தப்பில்ல."

நான்தான் சொன்னேன். என் குரல் கொட்டகை வாசல் வரை கேட்டிருக்கும். அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

"உன்னை யார் கூப்பிட்டா? வெளியே போ" என்றார் சூப்பிரண்டு.

பெரியவர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "என்ன சொல்றே?"

"கழுவுன தண்ணிதான் காரணம்யா. மேசைக்கு வாரதுக்கு முந்தியே ஈரல் ஒடஞ்சாச்சு. பெறகு எந்த உப்புல போட்டு என்ன? ரெண்டு வருசமா நான் ஒரு ஈரலயும் நல்ல தண்ணியில கழுவுனது கெடையாது. அந்தா தெரியுது பாருங்க, உப்பளத்துக் கெணறு. அந்தத் தண்ணிதான்."

"அப்ப தினமும் டிரம்ல வர்ற தண்ணி?" என்றார் சூப்பிரண்டு.

"குடிச்சோம்."

சூப்பிரண்டு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் குடிச்சோம். வீட்டுக்கும் கொண்டு போனாங்க. கொண்டு போகச் சொன்னவன் நான்."

பெரியவர் எழுந்து கிணற்றுக்கே நடந்து போனார். வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. துப்பினார். பிறகு, "இன்னொரு ஈரல் கொண்டா. உன் தண்ணியிலேயே கழுவு" என்றார்.

கழுவினேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தார்கள். உப்பில்லாத கிண்ணம் கலங்கியது. அந்த அம்மா கட்டுரையில் எதெது தாங்கும் என்று எழுதியிருந்தாரோ அதெல்லாம் தெளிவாக நின்றது.

"இதை ஏன் நீங்க கட்டுரையில எழுதலை?" என்று பெரியவர் அவரிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, சார். எதில் கழுவறாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்கலை. கேட்காதது என் தப்பு."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

மெடல் அவருக்குத்தான் கிடைத்தது. கட்டுரையில் கழுவுகிற விஷயத்தைப் புதிதாகச் சேர்த்து, அந்தப் பகுதியை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். மெட்ராஸுக்கு வரும்படி என்னையும் கூப்பிட்டார். அத்தனை பேர் நடுவில் உட்கார எனக்குக் கூச்சம். போகவில்லை.

வந்தவர்கள் ரயிலேறிய மறுநாள் சூப்பிரண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "சர்க்காரின் நல்ல தண்ணீரைக் களவாடினேன், மன்னிக்க வேண்டும்" என்று எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும் என்றார். நான் காகிதத்தை மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கைக்குழந்தைக்காரி வாசலில் மறித்தாள். "ஒரு காயிதந்தான அண்ணாச்சி? போட்டுட்டுப் போவும். கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போவும்?"

"போட்டா நீ குடிச்சது களவுத் தண்ணின்னு ஆயிரும்ளா. ஒன் புள்ள குடிச்சதுங் களவுன்னு ஆயிரும்."

அவள் வழியை விட்டு விலகினாள். "அப்ப போடாதேயும்" என்றாள்.

அடுத்த வாரம் போர்டை மாற்றினார்கள். ஈரலை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்று புதிதாக எழுதினார்கள். அதோடு தண்ணீர் வண்டியையும் நிறுத்திவிட்டார்கள். ஈரலுக்கு வேண்டாத தண்ணீர் எதற்கு என்று சூப்பிரண்டு கேட்டாராம். நான் உண்மையைச் சொன்னேன், அதற்கு அந்த ஏழு வீட்டுக் குடம் காலியானது.

ஆனால் அவர்கள் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரிகள். கத்திகளைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். வெயிலில் ஈரல் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாம் நாள் மத்தியானம் நாற்றம் ஆபீஸ் ஜன்னல் வழியே உள்ளே போனது. மூன்றாம் நாள் காலையில் வண்டி வந்தது. டிரம்மில் இப்போது வெள்ளைப் பெயிண்டால் "குடிக்க" என்று எழுதியிருக்கிறது.

நான் இப்போது உப்புத் தோணியில் மூட்டை தைக்கிறேன். வருஷம் மூன்றுக்கு மேல் ஆகிறது. எப்போது வந்தாலும் இடம் உண்டு, அந்தக் காகிதம் மட்டும் போதும் என்று சூப்பிரண்டு இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். போன வாரமும் அனுப்பினார். கொட்டகை வழியாகப் போகும்போதெல்லாம் நான் உள்ளே போய் அந்த டிரம்மில் ஒரு தம்ளர் மோந்து குடிக்கிறேன். அவர் ஜன்னலில் நின்றால் இன்னொரு தம்ளர் குடிக்கிறேன். யாரும் தடுத்ததில்லை.

என் கையெழுத்து வேண்டுமென்று இத்தனை வருஷம் கேட்டுவிட்டார். இந்தக் காகிதம் முழுக்க என் கையெழுத்துதான். அவர் கேட்ட வரி மட்டும் இதில் இல்லை.

1949 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மாதா கோவிலில் கொடியேறிய நாள்.