ஏழு வாளி உப்புத் தண்ணீர்

பூஷைப் யார் வீட்டில் தேநீர் குடித்தாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கடைசிக் குவளை தீர்ந்ததும் கெண்டியைத் திறந்து, அடியில் கிடக்கும் தேயிலையையும் புதினாத் தண்டையும் வழித்தெடுத்து, தாளில் பொட்டலம் கட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். துக்க வீட்டில்கூட. வீட்டுக்கு வந்து, எறும்பு சேராமல் இருக்கச் சர்க்கரை போக அலசி, பாத்தியில் புதைப்பார். மெக்னாஸ் நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதுதான் வழக்கம். மகள் சுமையா கல்லூரிக்குப் போன காலத்தில் இதற்காகவே அவரோடு விருந்துக்குப் போவதைத் தவிர்த்தாள்.

பாத்தி என்பது முற்றத்தின் தரைக்கற்களைப் பெயர்த்து உண்டாக்கிய எட்டடிக்கு ஆறடி மண். பதினோரு வருடத் தேயிலை, முட்டை ஓடு, கழுதைச் சாணம் எல்லாம் சேர்ந்து கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். புதினா, கொத்தமல்லி, ஓரத்தில் நாரத்தை மரம் ஒன்று; அது அப்போது இன்னும் பூத்திருக்கவில்லை. மருந்தோ மூட்டை உரமோ அந்த மண்ணைத் தொட்டதில்லை. வீட்டுக்கு ஒரே சட்டம்: சோப்புப் படாத தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது.

மழை பொய்த்த அந்த வருடம் குழாயில் காலை இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, மாடியில் உப்புத் தேய்த்து உலர்த்திய ஆட்டுத்தோலைச் சுமையா அலசினாள். முதல் அலசலில் சோப்பு இல்லை. இரத்தமும் ரோமமும் கலந்த தண்ணீர், நல்ல உரமாயிற்றே என்று ஏழு வாளியையும் பாத்தியில் ஊற்றினாள். அவள் மண்ணியல் படித்தவள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி.

ஆறாம் நாள் புதினா கருகியது. நாரத்தை இலைகள் ஓரம் பழுத்து உதிர ஆரம்பித்தன. பூஷைப் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு."

"நான்தாம்ப்பா ஊத்துனேன். தோல் அலசுன தண்ணி."

"சோப்புப் போட்டியா?"

"இல்ல. அதான் ஊத்தலாம்னு..."

"நாலு கிலோ உப்புத் தேய்ச்சோமே, அது எங்க போச்சுன்னு நெனச்ச? கிடா சொர்க்கத்துக்குத் தூக்கிட்டுப் போயிருச்சா?"

அவள் குனிந்து கருகிய தண்டு ஒன்றைப் பிடுங்கினாள்.

"பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்க. இருபதுக்குப் பதினேழு வாங்கினேன்."

"அப்ப மிச்சம் மூணு மார்க்குதான் இங்க கெடக்கு."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. படித்தது கைக்கு வராமல் தாளிலேயே நின்றுவிட்டதா? அதை அப்புறம் யோசிக்கலாம், முதலில் மரம். நல்ல தண்ணீரை ஏராளமாக விட்டு உப்பைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். உப்பை மண்ணிலிருந்து பிரிக்க ஜிப்சமும் வேண்டும். பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டிலிருந்து பழைய ஜிப்சக் கூரைப்பூச்சுக் கட்டிகளைப் பொறுக்கி வந்து இடித்துத் தூளாக்கினாள். தண்ணீருக்குத்தான் வழியில்லை. கிணறு இருந்தது அடுத்த வீட்டில், பத்தூல் அம்மாளிடம். சாணக் குவியல் நாறுகிறது என்று சண்டை போட்டு, அவள் பூஷைப்போடு பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பூஷைப்பே போய்க் கதவைத் தட்டினார். சுமையா பின்னால் நின்றாள்.

"என் துணியெல்லாம் கழுதை நாத்தம் அடிக்க வச்ச மனுசன், இப்பத் தண்ணிக்கு வந்து நிக்கிறீரோ?" என்றாள் பத்தூல்.

"கழுதை மேல கோவம்னா கழுதைகிட்டப் பேசு, லல்லா பத்தூல். மரம் என்ன பண்ணுச்சு?"

பத்தூலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வசந்தந்தோறும் நாரத்தைப் பூ வாங்கிச் செப்புப் பாத்திரத்தில் பன்னீர் வடிப்பவள் அவள்.

"எடுத்துக்கும். ஆனா மரம் பொழச்சுதுன்னா மொதப் பூ எனக்கு. இந்தக் கூடை நெறைய." கதவோரம் ஆணியில் தொங்கிய கூடையைக் காட்டினாள்.

"பூக்கலேன்னா?"

"பூக்கிற வரைக்கும் உம்ம தலையில கடன்."

"சரி, என் தலையில," என்றார் பூஷைப்.

பன்னிரண்டு நாள் அப்பாவும் மகளும் கிணற்றுத் தண்ணீர் சுமந்தார்கள். பாத்தியின் ஓரத்துக் கல்லைப் பெயர்த்து, வடியும் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினாள் சுமையா. பதினோரு வருடமாக ஒரு வாளிகூட அந்தப் பக்கம் போகவிடாதவர், அது ஓடியபோதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

புதினா போயே போய்விட்டது. மரம் மொட்டையாகி, இலையுதிர் காலத்தில் தண்டில் துளிர் விட்டது. மறு வசந்தத்தில் பூக்கவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் பூஷைப் மாரடைப்பில் இறந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. சுமையா அதை அலசிப் பாத்தியில் புதைத்தாள்.

இந்த வசந்தத்தில் மரம் பதினான்கு பூ பூத்தது. அத்தனையையும் சுமையா கைக்குட்டையில் வைத்துப் பத்தூல் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"இதென்ன?"

"அப்பா சொன்ன பூ."

பத்தூல் முகர்ந்து பார்த்துவிட்டுக் கைக்குட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்கப்பன் சொன்னது கூடை. இத வாங்கிக் கடனக் கழிச்சுக்கிட்டா அவர் வாக்குக்கு என்ன மரியாத இருக்கு? கொண்டுபோ."

சுமையா திரும்பி வந்தாள். உப்பை ஊற்றியவள் அவள், வாக்குக் கொடுத்தவர் அவர். கடன் யாருடையது என்று அவளுக்கு இன்னும் தெளிவாகவில்லை. பத்தூல் வீட்டு ஆணியில் அந்தக் கூடை காலியாகவே தொங்குகிறது.