சோழகத்துக்கு ஒரு ஸ்கூட்டர்

எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டர் வாங்குவது என்று அப்பா முடிவெடுத்த நாளில், அந்த வீட்டில் சைக்கிள் ஓடத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கவில்லை. அப்பா ஊர்காவற்றுறையில் பேர்போன சுக்கான்காரர். பாய் கட்டிய வள்ளத்தை எந்தக் காற்றிலும் ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவார். காற்றின் குணத்தைக் கேட்க ஊரில் ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். ஆனால் தரையில் அவருக்குத் தெரிந்த வாகனம் அவருடைய இரண்டு கால்கள்தான்.

எல்லாம் அம்மாவின் வேலையால் வந்தது. கன்னியர் மடத்தில் தையல் படித்து, சோதனையும் பாஸ்பண்ணி, பிறகு கல்யாணமாகி, நானும் பிறந்து எனக்கு ஒன்பது வயதான பிறகுதான் அரசாங்கத்துக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. தையல் ஆசிரியை நியமனம். பள்ளிக்கூடமோ யாழ்ப்பாணப் பட்டணத்துக்கும் அப்பால், காங்கேசன்துறை வீதியில். எங்கள் ஊரில் முதல் பஸ் பிடித்து, பட்டணத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று போய்ச் சேரும்போது அங்கே இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கும். என்னை விட்டுவிட்டு அங்கேயே தங்க அம்மாவுக்கு மனமில்லை. அடுத்த பள்ளித் தவணை தொடங்கும் நாளில் போய்ப் பாரமெடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

"எனக்கு விதிச்சது இந்தக் குசினி அடுப்புதான்" என்று அம்மா சொன்னார். அழவில்லை. சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினார். அது அழுவதைவிட மோசம் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஸ்கூட்டர் ஒண்டு எடுப்பம். நான் ஒவ்வொரு நாளும் கொண்டுபோய் விடுறன்" என்றார் அப்பா.

கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறியது. மாமா அம்மாவின் தம்பி. துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அவருக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"விடியப்புறம் நீங்கள் கடலிலை எல்லோ நிப்பியள், அத்தான்? ஆர் ஓடுறது?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அப்பா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. மாமா மேலே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வேதக்கோயில் சுவாமியாரிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அவர்தான் கோயில் வளவுக்குள் அப்பாவுக்கு ஓடப் பழக்கினார். அப்பா வேப்பமரத்தை இரண்டு முறையும் சுவாமியாரின் பூச்சாடிகளைப் பலமுறையும் இடித்து, ஒருவாறு நேராகப் போகப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டார். இனி வண்டியைத் தெரிந்தெடுக்க வேண்டியதுதான் மிச்சம். இறக்குமதியெல்லாம் நின்றுபோயிருந்த காலம் அது. புது ஸ்கூட்டர் கண்ணாலும் காணக் கிடைக்காது. யாராவது ஓடிக் களைத்த ஒன்றைத்தான் பொறுக்க வேண்டும்.

அம்மா நிபந்தனை போட்டார். சேலை சில்லுக்குள் போகக்கூடாது. நடுத்தெருவில் நிற்கக்கூடாது. பிடித்துக்கொள்ள வண்டியிலேயே ஏதாவது இருக்க வேண்டும். "ஊர் பாக்க உங்கடை இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நான் போகமாட்டன்." அதோடு, அப்பாவும் மாமாவும் சேர்ந்து வந்து சொல்லும் எதையும் நம்ப முடியாது என்பதால், என்னையும் அவர்களோடு அனுப்பினார். நான் பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொல்ல வேண்டும்.

பட்டணத்தில் வீதி வேலை பார்க்கும் ஓர் ஓவசியரிடம் இளநீல ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு இருந்தது. கண்ணாடிபோல மினுங்கியது. மாமாவுக்கு அதைக் கண்டவுடனே பிடித்துவிட்டது. அப்பா மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, பின்னால் ஆள் இருக்க எப்படிப் போகிறது என்று பார்க்காமல் வாங்க ஏலாது என்றார். முன்பின் தெரியாதவர் வீட்டுப் படலையில் வைத்து அம்மாவை ஏற்றி இறக்கிப் பார்ப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமல்ல. ஆகவே அம்மாவுக்குப் பதிலாக மாமாவே ஏற வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. அதற்காகத்தான் பட்டணம் போவதென்றால் காற்சட்டை இல்லாமல் இறங்காத மாமாவை அன்று சாரம் உடுத்திக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

மாமா காலைத் தூக்கிப் போட்டு ஏறப்போனார்.

"அப்பிடியில்லை. உம்மடை அக்கா அப்பிடியே இருப்பா? ரெண்டு காலையும் ஒரு பக்கமா விட்டு இரும்."

"அத்தான், ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். வண்டி எடுக்கிறது உமக்கில்லை."

மீசை வைத்த மாமா, கால்களைச் சேர்த்து, பெண்களைப்போல ஒருபக்கமாக ஏறி இருந்தார். நான் முன்னால் அப்பாவின் கைகளுக்கு நடுவில் நின்றேன். ஓவசியர் வாயை மூடிச் சிரித்தார். பண்ணைத் தாம்போதியால் மண்டைதீவுச் சந்தி வரைக்கும் போய்த் திரும்புவது திட்டம். தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். ஒதுங்க ஒரு மரமில்லை. அது சோழகக் காலம். தென்மேற்கிலிருந்து காற்று சும்மா மனிதரையே தள்ளிக்கொண்டு போகும்.

பாதித் தூரம்வரை நன்றாகத்தான் போனோம். பிறகு இடப்பக்கத்தால் ஒரு காற்று வந்து மாமாவின் சாரத்துக்குள் புகுந்தது. சாரம் பாய்போலப் புடைத்தது. வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அவ்வளவுதான். அப்பாவின் கைகள் சுவாமியார் பழக்கியதையெல்லாம் மறந்து கடலுக்குப் போய்விட்டன. வள்ளத்தில் சுக்கானை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம், காற்றை நோக்கித் திரும்பும். அப்பாவும் கைபிடியை ஒரே தள்ளாக வலப்பக்கம் தள்ளினார். ஸ்கூட்டருக்குக் கடல் சாத்திரம் தெரியாது. தள்ளிய பக்கமே திரும்பி, வீதியைக் குறுக்கறுத்து, மறுகரையால் இறங்கி, எங்கள் மூவரையும் பரவைக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டது.

முழங்கால் அளவு தண்ணீர். ஒருவருக்கும் காயமில்லை. அப்பா முதலில் என்னைத் தூக்கினார். பிறகுதான் ஸ்கூட்டரைப் பார்த்தார். மாமா சேற்றில் இருந்தபடியே, "ஆழம் அறிஞ்சுதான் காலை விட்டனீங்களோ, அத்தான்?" என்று கேட்டார்.

ஓவசியரின் வண்டியில் உடைந்த விளக்குக்கு ஈடாக அப்பா பிறகு பல நாள் நல்ல நண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம். ஈரச் சாரத்தோடு ஆசனத்தில் இருக்கக் கண்டக்டர் விடாததால் மாமா நின்றபடியே வந்தார். வழியில் இருவரும் கலந்து பேசி, மழையில் நனைந்ததாகச் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். சோழகத்தில் யாழ்ப்பாணத்தில் மழை பெய்ததாக அம்மா எங்கே கேள்விப்பட்டிருக்கிறார்? என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

அம்மா யாரையும் ஏசவில்லை. நியமனக் கடிதத்தை அலுமாரியின் அடித்தட்டில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டினார். வாய் திறக்காமல் இருந்திருந்தால் நல்லதோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அப்பா கடலால் வந்து, சோறு தின்று, கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு, கந்தோர் வாசலில் மாமாவுக்காகக் காத்து நின்றார். காற்று பலமாக அடிக்கும் நேரம் அதுதான். அல்லைப்பிட்டி வெளியில் அந்தக் காற்றுக்குள், மாமாவைப் பின்னால் ஒருபக்கமாக இருத்தி, போவதும் வருவதுமாக ஓடினார். மறுநாளும் ஓடினார். கைகள் தரையைப் படிக்கும்வரை ஓடினார். தெருவில் நின்ற பெடியள், "மாப்பிளையும் பொம்பிளையும் போகினம்!" என்று கூக்காட்டினார்கள். மாமாவுக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டார் காதுக்கும் அது போனது. அப்படியும் மாமா ஒரு நாளும் வராமல் விடவில்லை. கந்தோர் மேசையில் சாரத்தை மடித்து வைத்திருப்பார். அக்காவுக்கு ஒன்று என்றால் அவருக்கு மானம் மரியாதை எல்லாம் பிறகுதான். இதை எழுதும்போதும் அவரை நினைத்துக் கண் கலங்குகிறது.

இதற்கிடையில் காரைநகரில் ஒரு ஸ்கூட்டர் பார்த்தார்கள். அது பின்னால் ஆள் ஏறினாலே இருமத் தொடங்கி, ஏற்றத்தில் நின்றுவிட்டது. கடைசியில் வேலணையில் நாட்டு வைத்தியம் செய்யும் ஒரு பரியாரியார் வீட்டுக் கொட்டிலில் ஒன்று அகப்பட்டது. சாம்பல் நிறம். பக்கமெல்லாம் நெளிவு. கோழி ஏறிப் படுத்த அடையாளமும் இருந்தது. ஆனால் நீண்ட ஆசனம், அதன் பின்னால் முதுகு சாய மேலதிகச் சில்லு, பிடிக்க ஓர் இரும்புப்பிடி, கால் வைக்க அகலமான தட்டு எல்லாம் இருந்தன. அப்பா அதைத் தாம்போதியில் மட்டுமல்ல, காங்கேசன்துறை வீதியில் சீமெந்து லொறிகளுக்குப் பக்கத்திலும் கொண்டுபோய் ஓடிப் பார்த்தார்.

"லொறி உரசிக்கொண்டு போகேக்கை என்ரை தலைமயிர்தான் பறந்தது. வண்டி அசையேல்லை, அக்கா" என்று மாமா சாட்சி சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினேன்.

அம்மா கோயில் வளவுக்கு வந்தார். கடையில் துணியைப் புரட்டிப் பார்ப்பதுபோல ஸ்கூட்டரை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு ஏறி, இரும்புப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்பா மெதுவாக வளவைச் சுற்றி, வெளியே கடற்கரைத் தெருவாலும் ஒருமுறை போய் வந்தார். இறங்கும்போது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. வெட்கமா சந்தோஷமா என்று சொல்ல முடியாது.

"வண்டி நல்லம்" என்றார். "ஆனால் இஞ்சருங்கோ, உந்தக் காத்துக்குச் சீலை நிக்காது. தாம்போதியிலை போகேக்கை அது என்ரை தலைக்கு மேலை நிக்கும்."

அப்பா கடற்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஈயம் கிடக்குது" என்றார்.

தவணை தொடங்கிய நாளில் அம்மா மணியடிக்கும் முன்பே பள்ளிக்கூட வாசலில் இறங்கினார். அதன்பிறகு பல வருஷம், வாடையிலும் சோழகத்திலும், அந்தச் சாம்பல் நிற ஸ்கூட்டர் தாம்போதியைக் கடந்து போய் வந்தது. அம்மாவின் சேலை ஒருநாளும் பறக்கவில்லை. அம்மாவிடம் தைக்கப் படித்த பெண்கள் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்தார்கள். நான் படித்து ஆளானதும் அந்தச் சம்பளத்தில்தான். என் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு மகளாகப் பிறந்ததை நினைத்தால், எந்தக் கோயிலில் எத்தனை மெழுகுதிரி கொளுத்தினாலும் போதாது என்றே தோன்றுகிறது. அப்பா அந்த வருஷத்தோடு பரவைக் கடலில் தடி நட்டு வலை கட்டத் தொடங்கிவிட்டார். கரையோடு முடிகிற தொழில் அது. வயதானவர்கள் செய்வது. விடிய முன்னம் மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இனி அப்பா இரவில் வீட்டில் படுப்பார் என்று எனக்குச் சந்தோஷத்தில் ஒரே புளுகம்.

அந்தத் தவணை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பொழுதுபடும் நேரம். அம்மா தையல் மெஷினில் இருந்து சேலைக்கரையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அவருடைய ஆழ்கடல் வலை மடியில் கிடந்தது. அதன் அடிக்கயிற்றில் கோத்திருந்த ஈயக் குண்டுகளைக் கத்தியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கி மடிப்புக்குள் வைத்துத் தைத்தார். ஒருமுறை மெஷினை நிறுத்தி, அப்பாவைப் பார்த்து, "வேண்டாமப்பா, இவ்வளவும் காணும்" என்றார். "இன்னொரு சீலைக்கும் வேணுமெல்லே" என்று சொல்லி அப்பா கழற்றிக்கொண்டே இருந்தார். அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். வேர்க்கிறது என்று நினைத்து நான் பனையோலை விசிறியை எடுத்து வந்து விசிறினேன்.

ஈயம் இல்லாத வலை கடலில் தாழாது என்பது தீவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும், அந்த வலைக்கு இனி என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. விளையாட எனக்கு எத்தனை குண்டு மிஞ்சும் என்றுதான் கேட்டேன். அப்பா சிரித்துவிட்டு, கை நிறைய அள்ளித் தந்தார்.